நெகிழ்வட்டில் செக்டர் வரிசையும் வாசிப்பு வேகமும்

பிளாப்பி எனப்படும் நெகிழ்வட்டில் தரவு, ஒரே மையம் கொண்ட வட்டத் தடங்களில், செக்டர் எனும் துண்டுகளாக எழுதப்படுகிறது. வட்டு சுழலும் வேகம் மாறாவிட்டாலும், அடுத்தடுத்து வேண்டிய செக்டர்கள் எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்து வாசிக்கும் நேரம் பன்மடங்கு கூடும், குறையும்.

ஐபிஎம் வகுத்த எட்டு அங்குல வட்டில் தடத்துக்கு 26 செக்டர்கள். சுழற்சி நிமிடத்துக்கு 360. அக்காலக் கணினி ஒரு செக்டரை வாங்கி முடிப்பதற்குள் அடுத்தது வாசிப்புத் தலையைக் கடந்துவிடும். பிறகு முழுச் சுற்றும் காத்திருப்புத்தான். இப்படி ஒரு தடத்தை வாசிக்க 26 சுற்று, அதாவது நாலு செக்கனுக்கும் மேல். சிபி/எம் இயங்குதளம் 1, 7, 13, 19, 25, 5 என ஆறாறாகத் தாவிச் செக்டர்களைப் பயன்படுத்தியது. ஏறக்குறைய ஆறே சுற்றில், ஒரு செக்கனில், வேலை முடிந்தது.

1.44 மெகாபைட் வட்டுகள் வந்தபோது கணினிகள் வேகம் பிடித்துவிட்டன, தாவல் தேவைப்படவில்லை. சிக்கல் தடம் மாறும் இடத்துக்குப் போனது. ஒரு சுற்றுக்கு 200 மில்லிசெக்கன், தடத்தில் 18 செக்டர்கள்: ஒன்று கடக்க 11 மில்லிசெக்கன். தலை அடுத்த தடத்துக்கு நகர்ந்து நிலைகொள்ளவோ சுமார் 18 ஆகும். அதற்குள் முதல் செக்டர் போய்விடும். பக்கத்துக்கு 80 தடங்கள் என்பதால் முழு வட்டையும் வாசிக்க 32 செக்கனுடன் வீண் காத்திருப்பு 16 சேர்ந்து 48 ஆகிறது. ஒவ்வொரு தடத்தின் தொடக்கத்தையும் மூன்று செக்டர் பின்தள்ளி வடிவமைத்தால் 35இல் முடியும். டாஸ் இயங்குதளத்தின் பார்மட் கட்டளை இதைச் செய்யவில்லை. எஃப்டிஃபார்மட் போன்ற தனி நிரல்கள் செய்தன. இவ்வளவு மலிவான வேகத்தை டாஸ் விட்டுவைத்தது வியப்புத்தான்.

கோப்புகளின் இடத்தைக் குறித்துவைக்கும் அட்டவணை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். டாஸ் தன் கோப்பு ஒதுக்கீட்டு அட்டவணையை வெளிவிளிம்புத் தடத்தில் வைத்ததால், உள்தடங்களில் எழுதும்போது தலை நெடுந்தூரம் போய்வரும். டிரைவின் 'கடகட' ஓசை பெரும்பாலும் அதுதான். கொமடோர் 1541 டிரைவ் தன் 35 தடங்களில் நடுவிலுள்ள 18ஆவதை இதற்கு ஒதுக்கியது.

அழித்து அழித்து எழுதிய வட்டில் ஒரே கோப்பு பல தடங்களில் சிதறிக் கிடக்கும், வாசிப்பும் மெதுவாகும். டாஸின் டிஸ்க்கொப்பி கட்டளை அந்தச் சிதறலையும் அப்படியே படியெடுக்கும். புதிதாக வடிவமைத்த வட்டுக்கு கொப்பி கட்டளையால் மாற்றினால் கோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படும்.