சல்லிவன்: ஒரு பெயர் மலையேறிய கதை

நீலகிரியில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பெயர் சல்லிவன். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறினார். கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் வீடு கட்டினார். பிறகு ஊட்டியில் 'கல் பங்களா'வை எழுப்பினார், ஓடையை மறித்து ஏரி அமைத்தார். 1788-ல் அவர் பிறந்தது லண்டனில். பெயரோ அயர்லாந்துக்காரப் பெயர்.

ஐரிஷ் மொழியில் அது ஏறத்தாழ 'ஓ சூலெவான்'. 'ஓ' என்றால் பேரன், வழிவந்தவன். பெண்ணானால் 'ஓ' போய் 'நீ' வரும். சூலெவான் ஒரு மூதாதையின் பெயர். அதன் முற்பகுதியான 'சூல்' கண்ணைக் குறிக்கும். இதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. பிற்பகுதியில்தான் வழக்கு. கருமை என்ற பொருளுடைய 'துவ்' அதில் இருப்பதாகக் கொண்டு 'கருங்கண்ணன்' என்பார் ஒரு சாரார். ஒன்று என்ற பொருள் கண்டு 'ஒற்றைக்கண்ணன்' என்பார் மற்றொரு சாரார்.

இந்தக் குடியினரின் பழைய நிலம் டிப்பரரி. 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நார்மானியர் நெருக்கவே, தெற்கே கார்க், கெர்ரி பகுதிகளுக்குப் பெயர்ந்தார்கள். ஆங்கில ஆட்சி வேரூன்றியபோது பலருடைய பெயரிலிருந்து 'ஓ' உதிர்ந்தது. எஞ்சியது சல்லிவன்.

அந்தப் பெயர் வந்து சேர்ந்த மலையூருக்கும் அதே கதிதான். 1821-ல் சென்னை கெஜட்டில் வெளியான கடிதம் ஊரை 'வோட்டோக்கிமண்ட்' என்றது. பிறகு அது ஊட்டகமண்ட் ஆகி, ஊட்டியாகத் தேய்ந்தது. மூலப்பெயர் 'ஒற்றைக்கல் மந்து' என்பது பரவலான விளக்கம். மந்து என்பது நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் குடியிருப்பு: வளைந்த கூரை வீடுகள் சில, எருமைத் தொழுவம், புனிதமான பால்மனை. கல் பங்களா எழுந்ததும் தோடர் நிலத்தில்தான். இந்த நிலம் தோடர்களுக்கே உரியது என்று பின்னாளில் அரசோடு வாதாடியவரும் சல்லிவனே.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரிஷ் மொழிப்பற்று மறுபடி தழைத்தபோது, பலர் உதிர்ந்த 'ஓ'வை மீட்டு ஓ'சல்லிவன் ஆனார்கள். நாமும் ஊட்டியை உதகமண்டலம் ஆக்கினோம். ஆனால் அதில் மந்து, மண்டலமாகிவிட்டது. மண்டலம் பெருநிலப்பரப்பு, மந்து சில குடும்பங்கள் எருமைகளோடு வாழும் இடம். ஊர்ப்பெயரை மீட்பதென்றால் அங்கே முதலில் குடியிருந்தவர்களின் சுவட்டையல்லவா மீட்க வேண்டும்? சல்லிவனுக்கு ஒரு பக்கம் ஒதுக்கும் பாடப்புத்தகம், மந்துவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கட்டும்.