விண்ணப்பமும் விடுதலைச் சாற்றுரையும்: அமெரிக்கக் குடியேற்ற நாடுகளின் பிரிவு (1765–1776)

வட அமெரிக்காவின் கீழைக் கடற்கரையில் அமைந்திருந்த பதின்மூன்று ஆங்கிலக் குடியேற்ற நாடுகள் 1776-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பிரித்தானியப் பேரரசினின்றும் பிரிந்தன. இப்பிரிவைப் பற்றி இருவகைக் கருத்துக்கள் பரவலாக வழங்குகின்றன. வரிச்சுமை தாங்காது மக்கள் கிளர்ந்தெழுந்தனர் என்பது ஒன்று. தலைவர்கள் தொடக்க முதலே விடுதலையை உள்ளத்துட் கொண்டு காலம் பார்த்திருந்தனர் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் முழுதும் பொருந்துவன அல்ல என்பதே எம் கருத்து. அத்தலைவர்கள் எழுதிய ஆவணங்களை அவை எழுந்த முறையே வரிசைப்படுத்திக் கற்பின், உண்மை வேறாகப் புலப்படும். அவர்கள் யாரை முன்னிலைப்படுத்தி எழுதினர், அம்முன்னிலை எப்பொழுது மாறியது, எழுதியவற்றுள் எவற்றை நீக்கினர் என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. இவை இலக்கிய மாணவர் எந்நூலை நோக்கியும் கேட்கும் வினாக்களே. எனினும் ஈண்டு அவை அரசியல் வரலாற்றுக்கும் ஒளி தருகின்றன.

1. கடனும் வரியும்

1763-இல் முடிவுற்ற ஏழாண்டுப் போரில் பிரித்தானியா பிரான்சை வென்றது, கனடாவைப் பெற்றது. ஆனால் அவ்வெற்றியின் விலையாக அந்நாட்டின் பொதுக்கடன் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. அமெரிக்காவில் நிறுத்தப்பட்ட படையின் செலவில் ஒரு பகுதியையேனும் அக்குடியேற்றத்தாரே ஏற்க வேண்டும் என்று தலைமை அமைச்சர் ஜார்ஜ் கிரென்வில் கருதினார். அதன் விளைவாக 1765-இல் முத்திரைத்தாள் சட்டம் பிறந்தது. நீதிமன்ற ஆவணங்கள், செய்தித்தாள்கள், உரிமச் சீட்டுக்கள், ஆடுசீட்டுக்கள் ஆகிய யாவும் வரி செலுத்திய முத்திரைத்தாளில் அமைதல் வேண்டும் என்பது அச்சட்டம்.

வரியின் அளவை நோக்கின் அது பெருஞ்சுமை அன்று. இங்கிலாந்தில் வாழ்ந்தோர் செலுத்திய வரியோடு ஒப்பிட, அமெரிக்கர் செலுத்தியது மிகச் சிறிதே. 1773-ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டமோ தேயிலையின் விலையைக் குறைக்கவே செய்தது. அவ்வாறிருந்தும் அவ்வாண்டு டிசம்பர்த் திங்கள் 16-ஆம் நாள் பாஸ்டன் துறைமுகத்தில் கிழக்கிந்தியக் கும்பினியின் 342 தேயிலைப் பெட்டிகள் கடலில் எறியப்பட்டன. விலை குறைந்த பொருளை ஒரு மக்கள் கடலில் எறிவாராயின், அவர்தம் சினம் விலையைப் பற்றியது அன்று என்பது தெளிவு. வரியை விதிக்கும் உரிமை யாருக்குரியது என்பதே வழக்கு.

2. பேராண்மை பற்றிய வழக்கு

தம் பேராளர் இல்லாத மன்றம் தம்மீது வரி விதித்தல் முறையன்று என்றனர் அமெரிக்கர். இதற்கு இலண்டனில் கூறப்பெற்ற விடை நுட்பமானது. நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் தம்மைத் தேர்ந்தெடுத்த ஊருக்கு மட்டுமன்றிப் பேரரசு முழுமைக்கும் பேராளர் ஆவர். மான்செஸ்டரும் பர்மிங்காமும் உறுப்பினரை அனுப்பவில்லை. அவ்வூரார் வரி செலுத்தவில்லையா என்று கிரென்விலைச் சார்ந்தோர் வினவினர். மேரிலாந்தைச் சேர்ந்த டேனியல் டுலானி 1765-லேயே இதனை மறுத்தார். மான்செஸ்டர் மாந்தர்மீது வரி விதிப்போர் அவ்வரியைத் தாமும் சுமப்பர். அமெரிக்கர்மீது விதிப்போர்க்கோ அச்சுமை இல்லை, மாறாகத் தம் சுமை குறையும் என்பதே அவர் வாதத்தின் சாரம்.

இவ்வழக்கில் சென்னையோடு தொடர்புடைய செய்தி ஒன்றும் உண்டு. குடியிருப்பே ஏறக்குறைய அற்றுப்போன ஓல்டு சாரம் என்னும் பழந்தொகுதி அக்காலத்தும் நாடாளுமன்றத்திற்கு இருவரை அனுப்பி வந்தது. அதனைத் தம் குடும்பத்திற்கு உரிமையாக்கிக்கொண்டவர் தாமஸ் பிட் ஆவார். இந்திய வாணிகத்திற் பெரும்பொருள் ஈட்டிய அவர், 1698 முதல் 1709 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். அவர் பெயரரான வில்லியம் பிட் அத்தொகுதியின் வழியாகவே 1735-இல் நாடாளுமன்றம் புகுந்தார். அவரே 1766-இல் அமெரிக்கர் பக்கம் நின்று, அவர்மீது உள்நாட்டு வரி விதிக்க நாடாளுமன்றத்திற்கு உரிமை இல்லை என்று முழங்கினார். பேராண்மை என்னும் சொல் அக்காலத்தில் எத்துணை நெகிழ்ந்த பொருளுடையதாய் இருந்தது என்பதற்கு இஃது ஒன்றே சான்றாகும்.

1766 மார்ச்சில் முத்திரைத்தாள் சட்டம் நீக்கப்பட்டது. ஆயினும், எப்பொருள் பற்றியும் குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்திற்கு உரிமை உண்டு என அறிவிக்கும் மற்றொரு சட்டம் அதே நாளில் நிறைவேறியது. வரி போயிற்று, வழக்கு நின்றது. 1767-இல் டவுன்செண்டின் சுங்க வரிகள் வந்தபொழுது, பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜான் டிக்கின்சன் என்னும் வழக்கறிஞர் உழவர் ஒருவர் எழுதுவனபோலக் கடிதத் தொடர் ஒன்றை வரைந்து வெளியிட்டார். வாணிகத்தை ஒழுங்குபடுத்தும் சுங்கம் வேறு, பொருள் ஈட்டும் நோக்குடைய வரி வேறு என்று பகுத்துக் காட்டிய அக்கடிதங்கள் குடியேற்றங்கள் எங்கும் பரவின.

3. முன்னிலை மாறிய முறை

இனி, ஆவணங்களின் முன்னிலையைக் காண்போம். 1765 அக்டோபரில் ஒன்பது குடியேற்றங்களின் பேராளர் நியூயார்க்கில் கூடினர். அவர்கள் அரசனுக்கும், பிரபுக்கள் அவைக்கும், பொதுமக்கள் அவைக்கும் தனித்தனியே முறையீடு வரைந்தனர். அஃதாவது, நாடாளுமன்றத்தோடு மாறுபட்ட அந்நிலையிலும் அதனைக் கேட்கத்தகும் மன்றமாகவே மதித்தனர்.

தேயிலை நிகழ்ச்சிக்கு ஒறுப்பாகப் பாஸ்டன் துறைமுகத்தை மூடியும், மாசசூசெட்சு ஆட்சியமைப்பைத் திருத்தியும் 1774-இல் சட்டங்கள் வந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் பிலடெல்பியாவில் பன்னிரண்டு குடியேற்றங்களின் பேரவை கூடியது. அப்பேரவை அரசனுக்கு விண்ணப்பம் எழுதிற்று. பிரித்தானிய மக்களுக்கு ஓர் உரை விடுத்தது. கியூபெக் மக்களுக்கும் மடல் வரைந்தது. ஆனால் நாடாளுமன்றத்திற்கு ஒரு முறையீடும் விடுத்ததில்லை. ஒன்பதாண்டுகளில் நாடாளுமன்றம் முன்னிலையினின்றும் நீங்கிவிட்டது, அரசன் எஞ்சினான்.

1775 ஏப்ரல் 19-இல் லெக்சிங்டனிலும் காங்கார்டிலும் குருதி சிந்திற்று. அதன்பின்னரும் சூலையில் டிக்கின்சனின் முயற்சியால் அரசனுக்கு இறுதி விண்ணப்பம் எழுந்தது. பேரவை அதே கிழமையில், தாம் படைக்கலம் ஏந்திய காரணத்தை விளக்கும் அறிக்கையினையும் வெளியிட்டது. ஒரு கையில் விண்ணப்பமும் மறு கையில் வாளும் ஏந்திய நிலை அது. மாசசூசெட்சின் ஜான் ஆதம்ஸ் இதனைப் பொறாது டிக்கின்சனை இகழ்ந்து எழுதிய கடிதம் ஆங்கிலேயர் கையிற் சிக்கி அச்சேறியது. இருவர்க்கும் இடையே இருந்த நட்பும் அற்றது. மூன்றாம் ஜார்ஜ் அவ்விண்ணப்பத்தை ஏற்கவும் மறுத்து, ஆகஸ்டு 23-இல் குடியேற்றங்கள் கிளர்ச்சியில் இறங்கிவிட்டன என்று ஆணை பிறப்பித்தான். கேட்போன் செவியை மூடிக்கொண்டபின் விண்ணப்பம் என்னும் வகைக்கே இடமில்லாது போயிற்று.

வரி மிகுந்த காலத்துப் புலவர் வேந்தனை முன்னிலைப்படுத்தி இடித்துரைத்தலை நம் முன்னோர் செவியறிவுறூஉ என்னும் துறையாக வகுத்தனர். வெள்ளைக்குடி நாகனாரும் பிசிராந்தையாரும் பாடியவை அத்துறையின. கேட்கும் செவி உண்டு என்னும் நம்பிக்கையே அத்துறையின் உயிர். அந்நம்பிக்கை அற்ற இடத்தில் எவ்வகை உரை பிறக்கும் என்பதை 1776-ஆம் ஆண்டு காட்டியது.

அவ்வாண்டு சனவரியில் தாமஸ் பெயின் எழுதிய சிறுநூல் வெளிவந்தது. இங்கிலாந்தினின்றும் வந்து பதினான்கு திங்கள் நிரம்பாத அவர், எளிய நடையில், தீய அமைச்சரை அன்று, பிறப்புவழி வரும் முடியாட்சியையே தாக்கினார். அதுவரை அரசன் நல்லன், அமைச்சரே தீயர் என்று பேசிவந்த வழக்கு அந்நூலால் குலைந்தது. சூலையில் எழுந்த சாற்றுரையில் இம்மாற்றம் முழுமையுற்றது. விண்ணப்பங்களில் முன்னிலையில் நின்ற அரசன் சாற்றுரையில் படர்க்கையில் வைக்கப்பட்டான். குற்றச்சாட்டுக்களுட் பெரும்பாலன 'அவன்' என்றே தொடங்குகின்றன. பதினோராண்டுப் பூசலுக்குக் காரணமான நாடாளுமன்றத்தின் பெயரோ ஓரிடத்தும் வரவில்லை. பிறரோடு சேர்ந்து அரசன் செய்த தீங்கு என்னும் அளவில் அது மறைகிறது. முன்னிலையின் இடத்தில் இப்பொழுது நிற்பது உலகம்.

4. டிக்கின்சனின் மறுப்பு

சூன் 7-ஆம் நாள் விர்ஜீனியாவின் ரிச்சர்டு ஹென்றி லீ விடுதலைத் தீர்மானத்தைக் கொணர்ந்தார், ஆதம்ஸ் வழிமொழிந்தார். சாற்றுரை வரைய ஜெபர்சன், ஆதம்ஸ், பிராங்க்ளின், ஷெர்மன், லிவிங்ஸ்டன் என்னும் ஐவர் குழு அமைந்தது. சூலை 1-இல் டிக்கின்சன் தீர்மானத்தை எதிர்த்து நெடிது பேசினார். பிரான்சின் துணை உறுதியாகவில்லை. குடியேற்றங்கள் தமக்குள் ஓர் ஒப்பந்தத்தாற் பிணைக்கப்படவில்லை. இந்நிலையிற் பிரிவது புயலில் காகிதப் படகு விடுவது போலும் என்பது அவர் எச்சரிக்கை. அன்று ஒன்பது குடியேற்றங்களே இசைந்தன. பென்சில்வேனியாவும் தென் கரோலினாவும் மறுத்தன, டெலாவேர் இரண்டுபட்டது, நியூயார்க் ஒதுங்கி நின்றது.

மறுநாள் நிலை மாறியது. டெலாவேரின் சீசர் ராட்னி இரவிற் குதிரையேறி வந்து தம் நாட்டின் வாக்கை நிலைநாட்டினார். தென் கரோலினா இசைந்தது. டிக்கின்சனும் ராபர்ட் மாரிசும் வாக்களிக்க வாராமல் ஒதுங்கினமையால் பென்சில்வேனியாவின் வாக்கும் விடுதலைக்கு ஆயிற்று. தம் கொள்கையையும் விடாது, பிறர் ஒற்றுமையையும் கெடாது காத்த செயல் அது. பின்னர் அவர் படையிற் சேர்ந்து களம் சென்றார். அவர் அஞ்சியவாறே பிரான்சின் உடன்படிக்கை 1778 பிப்ரவரி வரை கைகூடவில்லை. மாநிலங்களின் ஒப்பந்தம் 1781-இலேயே நடைமுறைக்கு வந்தது. அவரைக் கோழை எனப் பழிப்போர் இவற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். எனினும், கேளாத செவிக்கு மீண்டும் ஒரு விண்ணப்பம் எழுதுதல் பயனற்றது என்பதை ஆதம்ஸ் முன்னரே உணர்ந்தார் என்பதும் மறுத்தற்கரியது.

5. நீக்கப்பட்ட பகுதிகள்

சூலை 2-க்கும் 4-க்கும் இடையே பேரவை ஜெபர்சனின் வரைவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை வெட்டியது. நீக்கப்பட்டவற்றுள் இரண்டு குறிக்கத்தக்கன. பிரித்தானிய மக்களைக் கடிந்த பகுதி ஒன்று; அவருள் நண்பரை இழத்தல் ஆகாது என்பதே அதற்குக் காரணம். அடிமை வாணிகத்தின் பழியை அரசன்மீது சுமத்திய பகுதி மற்றொன்று. தென் கரோலினாவும் ஜார்ஜியாவும் அதனை விரும்பவில்லை என்றும், அவ்வாணிகத்தில் ஈடுபட்டிருந்த வடபுலத்தாரும் நெஞ்சு குறுகுறுத்தனர் என்றும் ஜெபர்சனே பின்னர்க் குறித்தார்.

ஆயினும் அப்பகுதி இருந்திருப்பினும் சாற்றுரை முழுத்தூய்மை பெற்றிராது. மாந்தர் யாவரும் நிகராகப் படைக்கப்பட்டனர் என்று எழுதிய கை, தன் வாழ்நாளில் அறுநூற்றுக்கு மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்த கை. விர்ஜீனியா ஆளுநர் டன்மோர் 1775 நவம்பரில், அரசன் படையிற் சேரும் அடிமைகட்கு விடுதலை என்று அறிவித்தபொழுது, கிளர்ச்சித் தலைவர்களே அதனைக் கொடுஞ்செயல் என்றனர். காலம் கனியவில்லை என்று தயங்கிய டிக்கின்சன்தாமோ 1777-இல் தம் அடிமைகளை விடுவிக்கும் முயற்சியைத் தொடங்கி 1786-இல் அதனை முற்றுவித்தார். விடுதலையை விரைந்து சாற்றியவர் வழங்காததைத் தயங்கியவர் வழங்கினார் என்பது வரலாற்றின் கடுமையான பாடம்.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. அமெரிக்கத் தலைவர்கள் முதலிலேயே பிரிவை நாடியவர் அல்லர். தொடர்ந்து முறையிட்டு, முறையீட்டைக் கேட்போர் ஒவ்வொருவராக மறைந்தபின் அங்கு வந்து சேர்ந்தவர். வரியின் அளவன்று, வரி விதிக்கும் உரிமையே பூசலின் வேர். அத்தலைவர்களின் சாற்றுரை அவர்தம் காலத்து அநீதியை முற்றும் ஒழித்ததன்று. ஆனால் அவ்வநீதியைப் பிற்காலத்தார் அளத்தற்குரிய கோலை அதுவே தந்தது. அடிமைத்தளை ஒழிய 1865 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்காகப் போராடியோர் பலரும் அச்சாற்றுரையின் சொற்களையே சான்றாகக் காட்டினர்.

பேரரசோ தான் பெற்ற பாடத்தை எங்கும் ஒருபடித்தாகக் கொள்ளவில்லை. 1781-இல் யார்க்டவுனில் சரணடைந்த கார்ன்வாலிஸ், 1786-இல் இந்தியாவின் தலைமை ஆளுநராக வந்து, 1792-இல் சீரங்கப்பட்டணத்தில் திப்புவைப் பணிய வைத்தார். அமெரிக்கர்க்காக வாதாடிய எட்மண்ட் பர்க் 1785-இல் ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றிப் பேசி, கருநாடகத்து மக்கள் உற்ற துயரை நாடாளுமன்றத்தில் எடுத்துரைத்தார். அமெரிக்கர்க்குத் தம் குறையைத் தாமே எழுதும் மன்றங்களும் அச்சுக்கூடங்களும் இருந்தன. நம் முன்னோர்க்காகப் பிறர் பேச வேண்டியிருந்தது. பேரவையின் வாயிலாக விண்ணப்பம் எழுதும் நிலைக்கு இந்தியர் வர, மேலும் ஒரு நூற்றாண்டு செல்ல வேண்டியதாயிற்று. அவ்விண்ணப்பங்களின் முன்னிலை எவ்வாறு மாறியது என்பதும் இம்முறையால் ஆராய்தற்குரியது.