அட்டனும் குன்னூரும்

இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில் உள்ள அட்டனும் தமிழ்நாட்டின் நீலகிரி மாவட்டத்தில் உள்ள குன்னூரும் தேயிலையோடு வளர்ந்த உள்நாட்டு மலை நகரங்கள். அட்டன் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீட்டர் உயரத்திலும் குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்திலும் உள்ளன. விளைச்சல் விற்றால்தான் இரண்டிலும் பல வீடுகளில் அடுப்பெரியும். தேயிலையைத் தவிர, 1964இல் புதுடெல்லியில் கையெழுத்தான ஓர் ஒப்பந்தமும் இவற்றைப் பிணைத்திருக்கிறது.

நாவலப்பிட்டியிலிருந்து அட்டனுக்கு ஏறும் ரயில் கல்போடை, வட்டவளை, ரொசல்லை வழியே வளைந்து வளைந்து செல்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றை நேருக்கு நேர் வாங்கும் சரிவு இது. நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்கிறது. கொழுந்துக்கு நல்லது, பாதைக்கு ஆகாது. மண்சரிவு இங்கே பழகிப்போன செய்தி. அட்டன் மேட்டுநிலம் ஒரு நீர்பிரிமுகடு. ஒரு பக்கத்து நீர் மகாவலியோடு சேர்ந்து திருகோணமலைப் பக்கம் போகிறது. மறுபக்கத்து நீர் கெகல்கமு ஓயா, மஸ்கெலியா ஓயா வழியே களனி கங்கையில் விழுந்து கொழும்புக்கு இறங்குகிறது. அந்த இரண்டாம் பக்கத்தில்தான் லக்சபானா மின்நிலையமும் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களும் எழுந்தன. மவுசாகலையின் அடியில் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது. குன்னூருக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மேட்டுப்பாளையம் மலைப்பாதை அடிக்கடி அடைபடும். பனிக்காலத்தில் உயரமான தோட்டங்களில் உறைபனி கொழுந்தைக் கருக்கும்.

இலங்கை மலைநாட்டை முதலில் பிடித்தது கோப்பி. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் சில பத்தாண்டுகளில் அதை அழித்தது. லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்ததால் துரைமாருக்கு மாற்றுப் பயிர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. திருச்சி, சேலம், இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து ஆள்சேர்க்கும் கங்காணிகள் அழைத்துவந்த குடும்பங்கள் மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து மலையேறின. வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் இறந்தவர்கள் ஏராளம். 1884இல் ரயில் அட்டனைத் தொட்டது. கடைகளும் பண்டகசாலைகளும் நிலையத்தைச் சுற்றி முளைத்தன. 1888இல் தோட்டங்களுக்கென அங்கே தொடங்கிய சிறு வங்கி, 1970இல் அட்டன் நெஷனல் வங்கி ஆனது. இன்று அது நாட்டின் பெரிய தனியார் வங்கிகளில் ஒன்று, தலைமையகம் கொழும்பில். ஊரில் பிறந்த பணம் ஊரில் தங்காததற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது.

குன்னூரின் பிறப்பு வேறு. வெயிலுக்கு அஞ்சிய வெள்ளையரின் ஓய்விடமாகவும் வெலிங்டன் படைமுகாமின் பக்கத்து ஊராகவும் அது வளர்ந்தது. சிம்ஸ் பூங்கா 1874இல் உருவானது. மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கர ரயில் 1899இல் வந்து சேர்ந்தது. பாஸ்டர் நிலையமும் அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையும் பின்தொடர்ந்தன. தேயிலை விலை விழுந்தாலும் குன்னூர் விழாமல் நிற்க இவை உதவின. அட்டனுக்கு அப்படிக் கைகொடுப்பது சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் மட்டுமே: மார்கழிப் பௌர்ணமி முதல் வெசாக் வரை மலையடிவார நல்லதண்ணிக்குப் போகும் கூட்டம் ரயிலைவிட்டு இறங்குவது இங்கேதான்.

இரு நகரங்களுக்கும் உள்ள பெரிய வேறுபாடு வியாபாரத்திலும் நிலத்திலும் இருக்கிறது. இலங்கைத் தேயிலை 1883 முதல் கொழும்பில் ஏலம் போகிறது. அட்டன் கொழுந்துக்கு அட்டனில் விலை பேச ஆளில்லை. குன்னூரிலோ 1963 முதல் ஏல மையமே இயங்குகிறது. தென்னிந்தியத் தோட்ட அதிபர் சங்கமான உபாசியின் தலைமையகமும் அங்கேதான். நீலகிரியில் படுகர் முதலானோர் சொந்த நிலத்தில் தேயிலை நட்டுச் சிறு விவசாயிகளாயினர். அவர்களுக்கெனக் கூட்டுறவுத் தொழிற்சாலைகளும் வந்தன. அட்டனைச் சூழ்ந்த தோட்டத் தமிழருக்குத் தோட்டக் குடியிருப்பான லயத்தில் அறை ஒன்றே, அதுவும் வேலை இருக்கும் வரை. ஆகவே குன்னூரில் தேயிலை அரசியல் பச்சை இலையின் விலையைச் சுற்றியும் அட்டனில் நாட்கூலியைச் சுற்றியும் நடக்கிறது. 1931இல் கோ. நடேசய்யர் அட்டனைத் தளமாக்கித் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் தொடங்கியது முதல், இது தொழிற்சங்கங்களின் ஊர்.

இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் இந்தத் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்குபோட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். அட்டன் நிலையத்தில் பெட்டிகளோடு ஏறியவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினர். 1984இல் கப்பல் நின்றபோதும் ஒப்பந்தப்படி போகவேண்டியவர்கள் எல்லாரும் போய் முடிந்திருக்கவில்லை. இலங்கையில் எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

இந்தியா வந்து இறங்கியவர்களுக்கு வேலை தர 1968இல் தமிழக வனத்துறை தொடங்கிய தேயிலைத் திட்டம், 1976இல் டான்டீ என்ற அரசு நிறுவனமானது. அதன் தலைமையிடம் குன்னூர். கோத்தகிரி, கூடலூர், சேரம்பாடி, நடுவட்டம் மலைகளில் காடு வெட்டித் தேயிலை நட்டவர்களில் பலர் அட்டன் பக்கத்தில் கவ்வாத்துக் கத்தி பிடித்துப் பழகியவர்கள். வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கே இந்த வேலை கிடைத்தது. மற்றவர்கள் சமவெளியிலும் நீலகிரியின் தனியார் தோட்டங்களிலும் சிதறினர். தாத்தா இறந்த பின்னும் பேரனைச் ‘சிலோன்காரர்’ என்றே கூடலூரில் அழைக்கிறார்கள்.

இலங்கையில் 1970களில் அரசுடைமையான தோட்டங்கள் 1992இல் தனியார் நிர்வாகத்துக்குத் திரும்பின. வட்டவளையின் பெயர் ஒரு கம்பெனிக்கும் தேயிலைப் பொட்டலத்துக்கும் போயிருக்கிறது. நாட்கூலி 1,000 ரூபாய் ஆனது பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின், 2021இல். இளையவர்கள் கொழும்புக் கடைகளுக்கு இறங்கிவிட, கொழுந்து பறிக்க ஆள் குறைகிறது. நீலகிரியில் நட்டத்தைக் காரணம் காட்டி, டான்டீயின் 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறையிடம் திருப்பித்தர 2022இல் தமிழக அரசு ஆணையிட்டது. மீண்டும் இடம்பெயர வேண்டுமோ என்ற அச்சத்தில் தொழிலாளர்கள் அதை எதிர்த்தனர்.