ஜனநாயகத்தை ஏற்றுமதி பண்ண முடியுமா? (ஈராக் த்ரெட்)

1/ இன்னொரு நாட்டுல ஜனநாயகத்தைக் கொண்டுவர்றது புத்திசாலித்தனமான வெளியுறவுக் கொள்கையா? ஈராக்கை வச்சுப் பார்ப்போம். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ இந்த ஆசையில லாஜிக்கே இல்லைன்னு ஒதுக்கிட முடியாது. நிலையான ஜனநாயக நாடுகள் தங்களுக்குள்ள போர் செய்வது ரொம்ப அபூர்வம். ஆனா மான்ஸ்ஃபீல்ட், ஸ்னைடர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1995-லயே எச்சரிச்சாங்க: ஜனநாயகத்துக்கு மாறிக்கிட்டிருக்கும் காலத்துலதான் போர் ஆபத்து கூடுது.

3/ 2003 மார்ச்சில் அமெரிக்கா ஈராக்குக்குள்ள நுழைய சொன்ன முக்கியக் காரணம் பேரழிவு ஆயுதங்கள். அது கிடைக்கல. அப்புறம் ஜனநாயகம்தான் பெரிய காரணமா முன்னாடி வந்தது. "ஜப்பானை மாத்திக் காட்டலையா?"ன்னு கேட்டாங்க.

4/ ஜப்பான் கதை வேற. அங்க 1925-லயே 25 வயசு தாண்டிய ஆண்களுக்கு ஓட்டுரிமைச் சட்டம் வந்தாச்சு. 1945-க்கு அப்புறம் மெக்கார்தர் ராணுவத்தைக் கலைச்சார், பலரைப் பதவி நீக்கினார். ஆனா பேரரசரை விட்டுவச்சார். இருக்கிற அமைச்சகங்கள் வழியாவே ஆட்சி நடத்தினார். அரசு இயந்திரம் நிக்கல.

5/ ஈராக்கில்? நிர்வாகி பால் பிரெமர் போட்ட முதல் உத்தரவு, 2003 மே 16: பாத் கட்சிக்காரங்களை அரசுப் பதவியிலிருந்து நீக்கு. இரண்டாவது, மே 23: ராணுவத்தைக் கலை. ஒரே வாரம்! ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கான ஆண்கள் வேலையில்லாம வீட்டுக்குப் போனாங்க.

6/ ஒரு அரசு டாக்டரா என்னை உறுத்துறது முதல் உத்தரவுதான். அதுல மருத்துவமனைகளும் வருது. நிர்வாகத்தின் மேல் மூன்று அடுக்கில் இருந்த கட்சியின் முழு உறுப்பினர்கள் வெளியே. சதாம் காலத்துல பதவி உயர்வுக்காகவே கட்சியில சேர்ந்தவங்க நிறைய பேர். சித்திரவதை செஞ்சவனும் அவங்களும் ஒரே பட்டியல். மருந்து ஸ்டோர், ட்யூட்டி பட்டியல், ஜெனரேட்டர் டீசல் எல்லாத்தையும் பார்த்துக்கிட்டவங்க திடீர்னு இல்லைன்னா வார்டு என்ன ஆகும்னு எங்களுக்குத் தெரியும்.

7/ 2005 ஜனவரி 30, தேர்தல். குண்டுக்குப் பயப்படாம வந்து மை வச்ச விரலைக் காட்டின மக்களைக் கேலி பண்ண மனசு வராது. ஆனா சன்னி மக்கள் பெரும்பாலும் புறக்கணிச்சாங்க. 2006 பிப்ரவரியில சமாரா மசூதி தகர்க்கப்பட்டது. மதப்பிரிவுக் கொலைகள் உச்சத்துக்குப் போச்சு. 2014 ஜூனில் மோசூல் ஐஎஸ் கையில். அந்த அமைப்புல சதாமின் பழைய ராணுவ அதிகாரிகளும் இருந்தாங்க.

8/ என் பதில்: பக்கத்துலயோ தூரத்துலயோ இன்னொரு ஜனநாயகம் வளரணும்னு ஒரு நாடு நினைக்கிறது நியாயமான இலக்குதான். ஆனா சம்பளம் போடுற ஆபீஸ், கேஸ் எழுதுற ஸ்டேஷன், ராத்திரி திறந்திருக்கிற ஆஸ்பத்திரி இதையெல்லாம் கலைச்சுட்டு ஓட்டுப்பெட்டியை வச்சா, ஜெயிச்சவர் கையில ஆட்சி செய்ய எதுவும் இருக்காது. அந்த வெற்றிடத்துல முதல்ல வர்றது துப்பாக்கி வச்சிருக்கிறவன்தான்.