அரை நாள் பள்ளியும் முழுக் குடிமகனும்

பாடத்திட்டம் என்றவுடன் பாடநூலையே நாம் எண்ணுகிறோம். ஆயின், மாணவனின் பண்பையும் குடிமை உணர்வையும் உருவாக்குவதில் பாடநூலுக்கு நிகரான பங்கு பள்ளியின் கால அட்டவணைக்கும் உண்டு. இவ்வுண்மையை நம் தஞ்சைத் தரணியின் வரலாறே தெளிவுற எடுத்துக்காட்டுகின்றது.

1952-ஆம் ஆண்டில் இராஜாஜி தலைமையிலான அரசு, தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக நிலவிய பண்ணைகளில், பி. சீனிவாசராவ் போன்றோர் உழவுத் தொழிலாளரைத் திரட்டி நடத்திய போராட்டங்களே அதற்கு வழிகோலின. பண்ணையாளைக் காரணமின்றி நீக்குவதை அச்சட்டம் தடுத்தது.

மறு ஆண்டே, 1953-இல், அதே அரசு புதிய தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொணர்ந்தது. கிராமப் பள்ளிகளில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பாடம். எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். உள்ள ஆசிரியரைக் கொண்டே மிகுதியான பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்கலாம், உழைப்பின் உயர்வையும் உணர்த்தலாம் என்று அரசு வாதிட்டது.

உழைப்பு உயர்ந்ததே, உழவு இழிவானதன்று. ஆனால், நண்பகலில் பள்ளி விட்டதும் நிலக்கிழாரின் மகன் திரும்புவது புத்தகமும் விளக்கும் உள்ள வீட்டிற்கு. பண்ணையாளின் மகன் திரும்புவதோ மாட்டுக் கொட்டிலுக்கும் நடவு வயலுக்கும். ஒரே அட்டவணை ஒருவனுக்கு ஆளவும் மற்றவனுக்கு அடங்கவும் கற்பித்திருக்கும். சட்டம் தளர்த்திய தளையைப் பள்ளி மீண்டும் பூட்டியிருக்கும்.

இதனைப் பெரியார் ‘குலக்கல்வி’ என்று கண்டித்தார். 1954 மார்ச்சில் எதிர்ப்புப் படையொன்று நம் நாகப்பட்டினத்திலிருந்தே சென்னை நோக்கி நடந்தது. ஏப்ரலில் முதலமைச்சரான காமராசரின் அரசு, மே மாதத்தில் அத்திட்டத்தைக் கைவிட்டது. 1956-இல் மதிய உணவுத் திட்டத்தையும் தொடங்கியது. முழு நாள் பள்ளியும் ஒரு வேளைச் சோறும் சேர்ந்தபோதுதான், நம் பிள்ளைகளுக்குப் படிப்பு எட்டும் பொருளாயிற்று.

இளைஞர்களே! தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு இன்று குடிமையியல் நூலில் உள்ளது. அதனை மனப்பாடம் செய்த மாணவன், வகுப்பைப் பெருக்க எப்போதும் சேரிப் பிள்ளையே அழைக்கப்படுவதைக் கண்டால், அவன் கற்பது எந்தப் பாடம்? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். உங்கள் பெற்றோரை அதில் அமரச் செய்யுங்கள். புத்தகத்தை மட்டுமன்று, துடைப்பம் யார் கையில் இருக்கிறது என்பதையும் அவர்கள் கேட்கட்டும்.