ஸ்கேனில் ஒன்றும் இல்லை

“ஸ்கேன்ல ஒண்ணும் இல்லம்மா. ஒரு சைக்காலஜிஸ்ட்டைப் பாருங்க.” பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவர் இதைச் சொன்னபோது அடுத்தவரின் ஃபைலைக் கையில் எடுத்துவிட்டிருந்தார். அடிவயிற்றின் இடப்பக்கம் நான்கு வருடமாகக் குடியிருந்த வலியோடு வெளியே வந்தேன். வீட்டில் கேட்டவர்களிடம் “ஒண்ணுமில்லையாம்” என்றேன். சைக்காலஜிஸ்ட் பெயர் எழுதிய சீட்டைப் பேருந்து நிலையத்திலேயே கிழித்துப் போட்டிருந்தேன்.

அந்தச் சீட்டு தவறான சீட்டல்ல என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஆனால் என் கை ஏன் அதைக் கிழித்தது? அதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

கிரேக்கத்தில் கர்ப்பப்பைக்கு ‘ஹிஸ்டெரா’ என்று பெயர். பிளேட்டோவின் ‘திமாயுஸ்’ நூலில், பிள்ளை பெறாமல் நெடுநாள் கிடக்கும் கர்ப்பப்பை சினந்துபோய் உடலுக்குள் அலைகிற விலங்காக வருகிறது. ஹிஸ்டீரியா என்ற சொல் முளைத்த வேர் அதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸின் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் ஷார்க்கோ, ஹிஸ்டீரியாவை நரம்பு நோயாக ஆராய்ந்தார். கர்ப்பப்பையைவிட்டு நகர்ந்துவிட்டார் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். வலிப்பை நிறுத்த அவர் மருத்துவமனையில் பெண்ணின் சினைப்பையை வயிற்றின் மேலிருந்து அழுத்தும் பெல்ட் ஒன்றைப் பூட்டினார்கள்.

அமெரிக்காவில் கத்தியையே எடுத்துவிட்டார்கள். 1872 ஆகஸ்ட்டில், ஜார்ஜியா மாநிலத்தின் ரோம் என்ற சிற்றூரில், ராபர்ட் பேட்டி என்ற மருத்துவர் ஜூலியா ஓம்பர்க் என்ற இளம்பெண்ணின் இரு சினைப்பைகளையும் அகற்றினார். பல ஆண்டுகளாக அவள் பட்ட வேதனைக்கு அதுவே தீர்வு என்று அவர் நம்பினார். அவள் இறந்தால் மருத்துவரைத் தூக்கிலிட வெளியே ஒரு கும்பல் காத்திருந்ததாக ஒரு கதை உண்டு. அவள் பிழைத்துக்கொண்டாள். பிழைத்ததுதான் வினையாயிற்று என்று சொல்லத் தோன்றுகிறது. ‘பேட்டி அறுவை’ கடல் கடந்து பரவியது. தீராத இடுப்புவலிக்கும், மனக்கலக்கத்துக்கும், வலிப்புக்கும் நோயற்ற சினைப்பைகள் வெட்டியெடுக்கப்பட்டன. மனத்தில் கோளாறு என்றார்கள், வெட்டியது உடலை. உடலில் ஒன்றும் தட்டுப்படாதபோது பழி மனத்துக்குப் போயிற்று. இரண்டு வழியிலும் அவளுடைய பேச்சு சாட்சியமாக ஏற்கப்படவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லேப்ராஸ்கோப்பி வந்தது. தொப்புளருகே சிறு துளையிட்டு உள்ளே பார்க்க முடிந்தது. எண்டோமெட்ரியோசிஸ் போன்ற நோய்களைக் கண்ணால் கண்டு உறுதிசெய்ய அது உதவியது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு புது வழக்கமும் கூடவே வந்தது. கேமராவில் தெரிந்தால் உடல் வலி, தெரியாவிட்டால் மன வலி. எண்டோமெட்ரியோசிஸ் திட்டுகள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதற்கும் ஒருத்தி எவ்வளவு துடிக்கிறாள் என்பதற்கும் நேர்ப்பொருத்தம் இல்லை என்பது தெரிந்த பிறகும் இந்த வழக்கம் போகவில்லை.

இதைக் கேள்விக்குட்படுத்திய ஓர் ஆய்வு நெதர்லாந்தின் லெய்டனில் நடந்தது. 1991இல் வெளியானது. நாட்பட்ட இடுப்புவலி கொண்ட 106 பெண்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான முறை: முதலில் லேப்ராஸ்கோப்பி, உடலில் காரணம் எதுவும் இல்லையென்றால் அதன்பிறகு மனம். மற்றப் பிரிவில் முதல் நாளிலிருந்தே உடல், மனம், உணவு, வாழும் சூழல், பிசியோதெரபி எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கவனம். லேப்ராஸ்கோப்பி எல்லோருக்கும் கட்டாயமில்லை. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இரண்டாம் பிரிவுப் பெண்களே கூடுதலாகத் தேறியிருந்தார்கள். வலி குறைந்திருந்தது, அன்றாட வேலைகளும் முன்னளவு தடைபடவில்லை.

இந்த ஆய்வைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இரு பிரிவிலும் மனத்தைப் பற்றிப் பேச இடம் இருந்தது. பேச்சு எப்போது வந்தது என்பதில்தான் வேறுபாடு. கடைசியில் வரும் மனநல ஆலோசனை தீர்ப்புபோல ஒலிக்கிறது. முதல் நாளே வந்தால் அது சிகிச்சையின் ஒரு பகுதி.

ஆறு மாதத்துக்கு மேல் நீடித்த வலி நரம்புகளின் நடத்தையையே மாற்றிவிடக்கூடும். சிறு தொடுகையையும் உடல் ஆபத்தாக வாசிக்கத் தொடங்குகிறது. வலிக்குமோ என்ற அச்சத்தில் இடுப்புத்தள தசைகள் இறுகுகின்றன. இறுக்கம் வலியைக் கூட்டுகிறது, வலி அச்சத்தைக் கூட்டுகிறது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை அச்சத்துக்கும் வலிக்கும் நடுவில் உள்ள இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்க்கிறது. நல்ல நாளில் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்து மறுநாள் படுத்துவிடாமல் வேலையைப் பிரித்துக்கொள்ளப் பழக்குகிறது. உடலுறவில் வரும் வலியைக் கணவனிடம் எப்படிச் சொல்வது என்பதும் அங்கே பேசப்படும். நம் வீடுகளில் இதைப் பேச வேறு அறை எது?

நம் நாட்டுப் பக்கம் வந்தால், மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் ராணி பங்கும் அவரது குழுவினரும் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து 1989இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். 92 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு மகளிர் நோய் இருந்தது. அதற்குமுன் அத்தகைய பரிசோதனையைக் கண்டவர்கள் 8 சதவீதம் மட்டுமே. யாரும் கேட்காததால் சொல்லாமல் இருந்த உடல்கள். அதே மாநிலத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் வேறொரு கதை. ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். வெள்ளைப்படுதலோ அடிவயிற்று வலியோ என்று போனால், கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்லும் தனியார் மருத்துவமனைகள். 2019இல் அரசு அமைத்த குழு 82,000க்கும் மேற்பட்ட பெண்களை விசாரித்ததில் 13,000க்கும் மேற்பட்டவர்களுக்குக் கர்ப்பப்பை அகற்றப்பட்டிருந்தது. இதைப் படித்தபோது ஜார்ஜியாவின் ரோம் எனக்கு அவ்வளவு தொலைவாகத் தெரியவில்லை.

சங்க இலக்கியம் நடத்தும் வகுப்பில் வெறியாட்டுக்கு வரும்போதெல்லாம் இப்போது சற்று நின்றுவிடுகிறேன். மகள் மெலிகிறாள். தாய் வேலனை அழைக்கிறாள். கழங்கு பார்க்கிறார்கள், ஆட்டுக்குட்டியைப் பலியிடுகிறார்கள். என்ன நோய் என்று மகளை யாரும் கேட்பதில்லை, தோழிக்கு மட்டும் தெரியும். ‘நோய்’ என்ற சொல்லே அந்தப் பாடல்களில் உடலின் பிணிக்கும் உள்ளத்தின் துயருக்கும் பொதுவாகத்தான் நிற்கிறது. மாணவிகளிடம் இதைச் சொன்ன ஒருநாள், வகுப்பு முடிந்ததும் ஒருத்தி வந்து, மாதத்தில் பத்து நாள் தன்னால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை என்றாள். “அம்மா, நடிக்கிறேன்னு சொல்றாங்க மேம்.”

சீட்டைக் கிழித்து மூன்று வருடம் கழித்து நானாகவே ஓர் ஆலோசகரைத் தேடிப் போனேன். குழந்தைப் பருவம், திருமணம் என்று தொடங்குவார் என எதிர்பார்த்துப் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவர் நாற்காலியைக் கொஞ்சம் அருகில் இழுத்துப்போட்டு, “எந்த இடத்துல வலிக்குது, காட்டுங்க” என்றார்.