கோட்டையிலிருந்து கிராமத்திற்கு: சென்னை மாகாணத்தில் மருத்துவ ஏற்றத்தாழ்வின் வரலாறு

இன்று நாம் சென்னை அரசுப் பொது மருத்துவமனை என்று அழைப்பது 1664ஆம் ஆண்டில் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தொடங்கப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் நோயுற்ற படைவீரர்களைக் கவனிப்பதே அதன் நோக்கம். கோட்டைக்கு வெளியே வாழ்ந்த மக்கள் அன்றைய கணக்கில் இல்லை. ஒரு மருத்துவமனை யாருக்காகக் கட்டப்பட்டது என்று கேட்டால், ஆட்சி யாருடைய உயிரை மதித்தது என்பது விளங்கும். குடியேற்ற ஆட்சிக்கால மருத்துவ வரலாற்றைப் படிப்பதற்கு இக்கேள்வியே நல்ல தொடக்கம்.

படைக்கு முதலிடம்

1857 கிளர்ச்சிக்குப் பின் இந்தியாவில் பிரிட்டிஷ் படை பெருகியது. படையின் சுகாதார நிலையை ஆராய 1859இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம் 1863இல் அறிக்கை அளித்தது. ஆண்டுதோறும் ஆயிரம் பிரிட்டிஷ் வீரர்களில் 69 பேர் இறப்பதாக அது கூறியது. போரைவிடக் காய்ச்சல், வயிற்றுக்கடுப்பு, காலரா ஆகியவையே அதிக உயிர்களைப் பறித்தன. அடுத்த ஆண்டே சென்னை, வங்காளம், பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களிலும் சுகாதார ஆணையங்கள் ஏற்பட்டன. பரங்கிமலை போன்ற கன்டோன்மென்ட் பகுதிகளில் குடிநீரிலும் வடிகாலிலும் கவனம் செலுத்தப்பட்டது. அருகிலிருந்த ஊர்களுக்கு அதே அக்கறை கிடைக்கவில்லை.

1868ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டமும் இதே போக்கினது. படைவீரர்களிடையே பால்வினை நோயைத் தடுக்க, பாலியல் தொழிலில் இருந்த பெண்கள் பதிவு செய்துகொண்டு கட்டாயப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும் என்றது. வீரர்களுக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. கடும் எதிர்ப்புக்குப் பின் 1888இல் அச்சட்டம் நீக்கப்பட்டது.

பஞ்சமும் கூலியும்

1876–78 பெரும்பஞ்சத்தில் சென்னை மாகாணம் பல லட்சம் உயிர்களை இழந்தது. நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று, இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் வரையறுத்தார். செலவைக் குறைப்பதே இதன் நோக்கம். மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்தார். கடும் உடலுழைப்பு செய்பவருக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமும், அதனுடன் பருப்பும் காய்கறியும் தேவை என்று அவர் வாதாடினார். பின்னர் கூலி ஓரளவு உயர்த்தப்பட்டது. ஆட்சிக்குள்ளேயே மாற்றுக்குரல் எழுந்தது என்பதையும், இறுதியில் முடிவெடுத்தது கருவூலமே என்பதையும் மாணவர்கள் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நாட்டு வைத்தியத்தின் நிலை

கிராம மக்களுக்குக் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தவர்கள் சித்த, ஆயுர்வேத, யுனானி வைத்தியர்களும் மருத்துவச்சிகளுமே. 1914ஆம் ஆண்டுச் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் மேலை மருத்துவம் பயின்றோரை மட்டுமே பதிவுக்கு உரியவர்களாக ஏற்றது. இருந்த வைத்தியருக்கு அங்கீகாரம் இல்லை. அங்கீகாரம் பெற்ற மருத்துவரோ கிராமத்தில் இல்லை. நீதிக்கட்சி ஆட்சிக்காலத்தில் முகமது உஸ்மான் தலைமையில் அமைந்த குழு 1923இல் அறிக்கை அளித்தது. அதன் பயனாக 1925இல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது.

போர் குழுவின் கணக்கு

ஆங்கில ஆட்சியால் நன்மை எதுவும் இல்லை என்று சொல்வது சரியாகாது. 1835இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி, அம்மைப் பால் தயாரித்த கிண்டி கிங் நிலையம், 1939ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் ஆகியவை நிலைத்த பயன் தந்தவை. ஆனால் அப்பயன் எத்தனை பேரைச் சென்றடைந்தது?

சர் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946இல் இதற்கு விடை தந்தது. 1937இல் பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 162 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன; இங்கிலாந்தில் இது 58. சராசரி ஆயுள் ஏறத்தாழ 27 ஆண்டுகள். சுமார் 6,300 பேருக்கு ஒரு மருத்துவர், 43,000 பேருக்கு ஒரு செவிலியர் என்பதே நிலை. அந்த மருத்துவர்களிலும் பெரும்பாலோர் நகரங்களில் இருந்தனர்.

பணம் இல்லை என்பதற்காக எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்பது அக்குழு வகுத்த கொள்கை. நலவாழ்வு நீதி என்று நாம் இன்று சொல்வதன் சாரம் இதுதான். குழு பரிந்துரைத்த ஆரம்ப சுகாதார நிலையங்கள் 1952 முதல் நாட்டில் தோன்றின. கோட்டையில் தொடங்கிய மருத்துவம் ஊருக்குள் வர ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் ஆயின.

இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர்கள் ஒரு சிறு ஆய்வு செய்யலாம். உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனை எந்த ஆண்டு, யாருக்காகத் தொடங்கப்பட்டது? உங்கள் ஊருக்கு மிக அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் எப்போது வந்தது? இரண்டு ஆண்டுகளையும் அருகருகே எழுதிப் பாருங்கள். அந்த இடைவெளியில் உங்கள் ஊரில் நோயுற்றவர்கள் எங்கே சென்றார்கள் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.